ஏலோரிக் தீவின் விருந்தாளி

ஏழுமலைக்கு மாலை போட்டதுதான் தப்பு. பெட்டியைக் கரையில் இறக்கி, ஆணியைப் பிடுங்கி, உள்ளே இருந்ததை எழுப்பி நிறுத்திவிட்டுச் சத்தம் காட்டாமல் திரும்பியிருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திருக்காது என்று விஞ்ஞானி அமலோற்பவம், சுருக்கமாக அமலா, பிற்பாடு நடந்த விசாரணையில் சொன்னாள். ஆனால் சர்வதேச அமைப்பு என்று ஒன்று இருந்தால் தொடக்க விழா என்றும் ஒன்று இருக்க வேண்டுமே.

ஏழுமலை ஆள் இல்லை. கதிர்வீச்சை அளப்பவர்கள் மனிதனுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் மாதிரி உடல். முன்பெல்லாம் இதை மெழுகிலோ பிளாஸ்டிக்கிலோ செய்து மேசையில் கிடத்தியிருப்பார்கள். இது புது ரகம். நடக்கும், மூச்சு விடும், மெல்லும், விழுங்கும், செரிக்கும், மிச்சத்தை ஒரு பையில் வெளியேற்றிப் பையின் மேல் தேதியும் ஒட்டும். தின்பதில் உள்ள கதிர்வீச்சுச் சீசியம் தசையில் போய்த் தங்குவதும் ஸ்ட்ரான்சியம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்வதும் மனித உடம்பில் எப்படியோ அப்படியே இதிலும் நடக்கும். எழுபது கிலோ எடை, ஐந்தேமுக்கால் அடி உயரம். மூளை மட்டும் வைக்கவில்லை. அமைப்பின் மற்ற நியமனங்களுக்கும் இதற்கும் அந்த வகையில் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது அமலாவின் கருத்து. செய்த வரிசையில் ஏழாவது என்பதால் காகிதத்தில் அதன் பெயர் 'மாதிரி உடல் எண் ஏழு'. எண்ணைச் சொல்லி யாரையும் கூப்பிட மனசு வராத அமலாதான் ஏழுமலை என்று பெயர் வைத்தாள். தீவுக்காரர்களின் வாயில் அது ஏலுமாலே ஆயிற்று.

ஏலோரிக், பசிபிக் கடலின் நடுவே யாரோ ஒற்றை வளையலைக் கழற்றிப் போட்டது போலக் கிடக்கும் பவளத்தீவு. எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய நாடு, உலக சமாதானத்தை முன்னிட்டு, அதன் பக்கத்தில் பத்தொன்பது அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. தீவுக்காரர்களிடம் இரண்டு வாரம் அந்தப் பக்கம் இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி மெஜுக் என்ற மொட்டைத் தீவில் கொண்டுபோய் இறக்கியது. நடுவில் ஒருமுறை எல்லாம் சுத்தமாகிவிட்டதென்று விஞ்ஞானிகள் எழுதிக் கொடுக்க, ஜனங்கள் திரும்பி வந்து வீடு கட்டிப் பத்து வருஷம் தேங்காயும் நண்டும் தின்றார்கள். பிறகு கணக்கில் ஒரு சின்னப் பிழை என்று வருத்தம் தெரிவித்து மறுபடியும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆக அந்த இரண்டு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. மெஜுக்கில் இப்போது நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். படகு இறக்க ஒதுக்கமான கடல் கிடையாது, மரம் வைக்க மண் கிடையாது. ஊருக்குப் போகலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பதுதான் அங்கே முழுநேரத் தொழில்.

அந்த யாராவதுதான் அமலா வேலை பார்த்த அமைப்பு. அதன் ஏற்பாடு எளிமையானது. ஏலோரிக்கில் ஒரு குடும்பத்தோடு மாதிரி உடல் ஒரு வருஷம் வாழ வேண்டும். அவர்கள் தூங்குகிற இடத்தில் படுத்து, அவர்கள் தின்பதைத் தின்று, அவர்கள் சுவாசிக்கிற காற்றைச் சுவாசிக்க வேண்டும். வருஷ முடிவில் அதன் உடம்பில் ஏறியிருக்கும் அளவு எல்லைக்குள் இருந்தால் தீவு திறக்கப்படும். அந்தக் குடும்பத்தையே அளந்துவிட்டுப் போகலாமே என்று விவரம் தெரியாதவர்கள் கேட்கலாம். கூடாது. முன்பு வந்த விஞ்ஞானிகள் இந்த ஜனங்களைக் கேட்காமல் கொள்ளாமல் நாற்பது வருஷம் அளந்து தள்ளியிருந்தார்கள். அதற்குப் பிராயச்சித்தமாக, இனி மனிதர்களை அளப்பதில்லை என்று அமைப்பு மன்னிப்புக் கடிதமே எழுதிக் கொடுத்திருந்தது. ஆகவே அந்தக் குடும்பத்தில் மூன்று பேர் நஞ்சு மண்ணில் வாழலாம், சமைக்கலாம், சாப்பிடலாம். அளக்க மட்டும் கூடாது. அவர்கள் காகிதத்தில் 'ஆதரவுப் பணியாளர்கள்'.

ஏழுமலையின் நெற்றியில் முதலில் ஒரு கேமரா இருந்தது. தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்க வைத்தது. குடும்பத்தின் அந்தரங்கம் கெடும் என்று நெறிமுறைக் குழு அதையும் கழற்றச் சொல்லிவிட்டது.

விழா நடந்தது. துணை அமைச்சர் ஒருவர் வந்திருந்தார். அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் முத்துக்குமாரசாமி, சென்னையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, ஓய்வெடுக்கத் தெரியாமல் இங்கே வந்து சேர்ந்தவர், ஐந்து பக்கம் பேசினார். "இவரை உங்கள் வீட்டின் விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று முடித்தார். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். லிஜேமா என்ற அறுபத்துமூன்று வயதுப் பெண்மணி முன்னால் வந்து ஏழுமலையின் கழுத்தில் சோழி மாலையைப் போட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனாள். எல்லோரும் கை தட்டினார்கள். அமலாவும் தட்டினாள்.

ஒரு வருஷம் கழித்து அளக்கிற கப்பலில் அமலா வந்து இறங்கினாள். கப்பல் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பெரிய படகு, அதன் நடுவில் ஈயத் தகடு அடித்த ஒரு கண்டெய்னர். உள்ளே இருபது நிமிஷம் படுத்தால் உடம்பில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடும். ஏழுமலையைப் படுக்கவைத்தார்கள். அனுமதித்த எல்லை ஒன்று என்றால் ஏழுமலையின் அளவு அரைக்கால்.

அமலா கருவியைச் சரிபார்த்தாள். தான் படுத்துப் பார்த்தாள். கருவி சரியாகத்தான் இருந்தது. ஏழுமலையை இன்னும் இரண்டு முறை படுக்கவைத்தாள். அரைக்காலுக்கு மேல் ஒரு முள்ளும் நகரவில்லை. அவள் சாட்டிலைட் போனை எடுத்தாள்.

"சார், இந்த நம்பர் நம்பற மாதிரி இல்ல."

"என்னம்மா இது, எல்லாரும் நல்ல செய்தி வந்தா சந்தோஷப்படுவாங்க!" என்றார் சாமி. "ரெண்டு வருஷமா இதுக்குத்தானே தவம் கிடந்தோம்? போர்டு மெம்பருக்கெல்லாம் இப்பவே மெயில் போட்டுடறேன்."

"மண்ணுல இருக்கறதுக்கும் இவன் உடம்புல இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல சார். ஒரு மாசம் தேங்காய்த் தண்ணி குடிச்சிருந்தாலே இதவிட ஏறியிருக்கணும்."

"மண்ணு மேல தப்பா இருக்கலாம்ல?"

அமலா போனை வைத்தாள். அவள் இயற்பியலில் படித்த எம்.எஸ்சி., பிஎச்.டி. இரண்டிலும் மண் தப்புச் செய்வதைப் பற்றிப் பாடம் இல்லை.

விடை மறுநாள் மத்தியானம் கிடைத்தது. லிஜேமாவின் வீட்டில் விருந்தாளிகள் முதலில் சாப்பிடுவார்கள். வீட்டுக்காரர்கள் பின்னால் சமையல் கொட்டகையில் போய்ச் சாப்பிடுவார்கள். அவர்கள் சாப்பிடும்போது விருந்தாளி எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டு நாளாக அமலாவும் ஏழுமலையும் ஒரே பாயில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெள்ளைச் சோறு, டின் மாட்டிறைச்சி, கிரீம் பிஸ்கட், பாட்டில் தண்ணீர். தனக்காகச் சிரமப்படுகிறார்கள் என்று அமலா நினைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவன் அதே சோற்றை அதே அளவில் பழகின கையோடு பிசைவதை அவள் கவனிக்கவில்லை. முன்னூற்று அறுபது நாள் பழக்கம்.

தட்டைக் கொடுக்கிற சாக்கில் அவள் வழக்கத்தை மீறிக் கொட்டகைப் பக்கம் போனாள். லிஜேமாவும் அவள் தம்பி ஹென்சனும் மகள் எஸ்தெரும் ஓலையில் குந்தியிருந்தார்கள். நடுவில் சுட்ட சீமைப்பலா, தேங்காய்ப் பத்தை, முழங்கால் அளவுக்கு ஒரு தேங்காய் நண்டு. தீவிலேயே அதிக சீசியம் சேர்த்து வைத்திருக்கிற பிராணி அந்த நண்டுதான். தேங்காயில் இருப்பதையெல்லாம் தின்று தேக்கி வைத்துக்கொள்ளும். அதன் வயிற்றுக் கொழுப்பை, ருசியான பாகம் என்பதால், எஸ்தெருக்கு வழித்து வைத்துக்கொண்டிருந்தாள் லிஜேமா. எஸ்தெருக்கு ஏழாம் மாதம்.

"மாதாவே!" என்று அமலா தமிழில் அலறிவிட்டாள்.

ஆதரவுப் பணியாளர்களுக்கென்று கப்பலில் வந்த அரிசியும் டின்னும் ஒரு பொட்டுக்கூட அவர்கள் வாயில் விழவில்லை. எல்லாம் விருந்தாளிக்கு. மிச்சம் இனி வரப்போகும் விருந்தாளிகளுக்கு. கொட்டகையின் மூலையில் ஒரே ஒரு மூட்டை அரிசி பத்திரமாகக் கட்டி வைத்திருந்தது.

அமலா ஏழுமலையை அளக்க வந்தவள். ஆனால் தீவின் சோற்றைத் தின்ற உடம்பு வேறு எங்கேயோ இருந்தது. அன்றைக்குக் கப்பல்காரர்கள் கரையில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து எஸ்தெரைக் கண்டெய்னருக்குள் கூட்டிப்போனாள். எஸ்தெருக்கு இருபத்தெட்டு வயது. தலைநகரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கணவன் அங்கே சூரைமீன் படகில் வேலை. அம்மா தீவுக்கு வருகிறாள் என்றதும் லீவு போட்டுக் கூட வந்துவிட்டாள், சாமான் ஏற்றி வந்த படகில் நடுவில் வந்து போயிருந்தான் கணவன். அவள் இருபது நிமிஷம் அசையாமல் படுத்தாள். உள்ளே இருந்த குழந்தைதான் அசைந்துகொண்டே இருந்தது.

"எவ்வளவு?" என்றாள் எழுந்து.

"எல்லை ஒண்ணுன்னா, உனக்கு நாலரை."

எஸ்தெர் ஆசிரியை இல்லையா, சட்டென்று கேட்டாள். "குறையுமா?"

"இந்தச் சாப்பாட்டை நிறுத்தினா குறையும். மூணு நாலு மாசத்துல பாதியாயிடும். உனக்கு இன்னும் சீக்கிரம் குறையும். ஆனா இன்னைக்கே நிறுத்தணும். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் இது கூடாது."

"இன்னைக்கேன்னா, எதைச் சாப்பிடறது?"

கேள்வி நியாயம்தான். அந்த ஒரு மூட்டை அரிசியை விட்டால் அடுத்த சாமான் கப்பல் ஐந்து மாதம் கழித்து.

அமலா நேராக லிஜேமாவிடம் போனாள். எஸ்தெர் மொழிபெயர்த்தாள். பாவம், ஒன்றும் அறியாத பெண்மணி, விருந்தோம்பல் என்ற நல்ல பழக்கத்தால் நாசமாகிவிட்டாள் என்று மனசுக்குள் ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தாள். நண்டில் என்ன இருக்கிறது, தேங்காயில் என்ன இருக்கிறது என்று குழந்தைக்குச் சொல்வது போல ஆரம்பித்தாள். லிஜேமா பாய் முடைவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ சொல்றது எல்லாம். பத்து வயசு வரைக்கும் நான் இங்கதான் தின்னேன். என் அக்கா ரெண்டு பேருக்கும் கழுத்துல வெட்டித் தச்ச தழும்பு. ஒருத்திக்குக் குரலே போச்சு. எனக்கா நண்டைப் பத்திப் பாடம் நடத்தறே?"

"அப்புறம் ஏன் அவனுக்கு மட்டும் சோறு போட்டீங்க?"

"வீட்டுக்கு வந்தவனுக்கு விஷத்தையா போடுவாங்க? உங்க ஊர்ல அப்படித்தானா?"

"அது பொம்மை! விஷம் தின்னு பாக்கத்தான் அதை அனுப்பியிருக்கு!"

"அதை மாலை போடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

"சரி, நீங்க ஏன் அதைச் சாப்பிடறீங்க?"

லிஜேமா அவளை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நாங்க வீட்டுக்காரங்க" என்றாள்.

அமலாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனசுக்குள் எழுதிய கட்டுரையைக் கிழித்துப் போட்டாள். லிஜேமா மேலே பேசினாள். அவசரமில்லாமல், விலை பேசுகிறவளின் நிதானத்தோடு பேசினாள்.

"அவன் சீக்காளியானா நீங்க அழுவீங்க. அழுதுட்டு எங்களை மறுபடி மெஜுக்குக்கு அனுப்புவீங்க. அவன் நல்லா இருந்தா கையெழுத்துப் போடுவீங்க, எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க. அவன் நல்லாத்தான் இருக்கான். இதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"உங்க பேரப்பிள்ளை."

"அது இங்க பொறக்கணும். அம்பது வருஷமா இங்க ஒரு குழந்தை பொறக்கல. இவளை நான் மெஜுக்குல தகரக் கொட்டகையில பெத்தேன். இது பொறந்தாத்தான் இந்த நிலத்துக்கு மறுபடி ஆளு உண்டு." பாய் முடைகிற கை நின்றிருந்தது. "நீ போய் உன் பொம்மையைப் பாரு."

எஸ்தெர் கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அமலா உள்ளது உள்ளபடி அறிக்கை எழுதி அனுப்பினாள். யோசிக்காமல் அனுப்பவில்லை. இதனால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் மெஜுக்கிலேயே கிடப்பார்கள் என்று தெரியும். மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தாள். எஸ்தெர் படுத்திருந்தபோது அந்த வயிறு அசைந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் நாலாவது முறை அழிக்கவில்லை.

இரண்டு நாளில் குழு கூடி முடிவெடுத்துவிட்டது. நல்ல முடிவுக்கு வருஷக்கணக்காகும், இந்த மாதிரி முடிவுக்கு இரண்டு நாள் போதும். வீடியோவில் சாமி புன்னகையோடு தோன்றினார். எஸ்தெர் அமலாவின் பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இருவரும் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியாது என்பதால், அமலா வேண்டுமென்றே ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். சாமியும் அதிலேயே தொடர்ந்தார்.

"உங்க அறிக்கையைக் குழு ரொம்பப் பாராட்டிச்சு, அமலா. எவ்வளவு நுணுக்கமா கவனிச்சிருக்கீங்க! ஒரு பெரிய சிக்கலே தீர்ந்துடுச்சு."

"எப்படி சார்?"

"தீவு பாதுகாப்பானதுதான். தீவுல விளையற சாப்பாடுதான் பாதுகாப்பில்ல. ரெண்டும் வேற வேற. மாதிரி உடல் எப்படிச் சாப்பிட்டு ஒரு வருஷம் சௌக்கியமா இருந்துச்சோ, குடியேறப் போறவங்களும் அப்படியே சாப்பிட்டா முடிஞ்சது. அரிசி, டின், பாட்டில் தண்ணி. தேங்காய் மரத்துல ஏறக்கூடாது. நண்டைப் பாக்கலாம், பிடிக்கக்கூடாது."

"அவங்க சொந்த ஊர்ல அவங்களே விருந்தாளி மாதிரி இருக்கணுமா?"

"அழகா சொன்னீங்க!" என்றார் சாமி. "இந்த வரியை முன்னுரையில போட்டுக்கட்டுமா?"

"அரிசி எத்தனை நாளைக்கு வரும்?"

"பதினெட்டு மாசத்துக்கு நிதி இருக்கு. அதுக்கப்புறம் சந்தை பாத்துக்கும்."

"எந்தச் சந்தை? இங்க ஒரு பெட்டிக்கடைகூட இல்ல."

"பதினெட்டு மாசம் இருக்கே, அதுக்குள்ள வந்துடாதா?"

அமலா பல்லைக் கடித்துக்கொண்டாள். "எஸ்தெரோட நம்பர்?"

சாமியின் புன்னகை இப்போதுதான் கொஞ்சம் சுருங்கியது. "அதை எந்த அனுமதியில எடுத்தீங்க? மனிதர்களை அளக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கோம்மா. அந்த நம்பரை அறிக்கையிலேருந்து நீக்கியாச்சு. கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல. அப்படி ஒரு நம்பரே கிடையாது."

"அப்போ அவளைக் கப்பல்ல தலைநகருக்குக் கூட்டிட்டு வர்றேன் சார். அங்க ஆஸ்பத்திரி இருக்கு, நல்ல சாப்பாடு இருக்கு, அவ புருஷன் இருக்கான்."

"காப்பீட்டுல என்ன போட்டிருக்கு? கப்பல் ஊழியர் மூணு, விஞ்ஞானி ஒண்ணு, மாதிரி உடல் ஒண்ணு. அதுக்கு மேல ஒரு தலை ஏறினா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். நீங்க ஏழாம் நம்பரை மட்டும் பத்திரமா கொண்டாங்க. தலைநகர் லேப்ல இன்னொரு தடவை அளந்து அந்த அளவைத்தான் அதிகாரபூர்வமா வெளியிடணும். பத்திரிகைக்காரங்க வேற வர்றாங்க."

திரை அணைந்தது. அமலா ஆத்திரத்தோடு லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். எஸ்தெர் மட்டும் வகுப்பில் கணக்குப் போடுகிறவள் போல விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"மூணு, ஒண்ணு, ஒண்ணு. ஏலுமாலே போற இடத்துல நான் போறேன்" என்றாள்.

"விளையாடறியா? லேப்ல இறக்கின உடனே படுக்கவச்சு அளப்பாங்க."

"அளக்கட்டும். இந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டது யாரு, அவனா நானா?"

அமலா அவளையே பார்த்தாள். மனிதர்களை அளக்கக் கூடாது. மாதிரி உடலை அளந்தே ஆக வேண்டும். அளந்தால் நாலரை வரும். பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் வரும். 'மாதிரி உடல் எண் ஏழு' என்ற பெயரில் வரும் எந்த எண்ணையும் அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்த விதியை எழுதியதே சாமிதான்.

"தீவைத் திறக்க மாட்டாங்க எஸ்தெர். உங்க அம்மாவும் மெஜுக்குக்குத் திரும்பணும். அந்த நானூறு பேரும் உன்னைத்தான் திட்டுவாங்க."

"திட்டுவாங்க. ஆனா இங்க வந்து அவங்க நண்டைப் பாத்துட்டு மட்டும் இருப்பாங்கன்னு நினைக்கிறியா? பதினெட்டு மாசம் கழிச்சு அரிசி தீந்தா? என் மாமா இருக்காரே, அரிசி இருக்கும்போதே அதைத் தொட மாட்டார்." அவள் மடக்கிய விரல்களைப் பிரித்து வயிற்றின் மேல் வைத்தாள். "எனக்கும் இங்கதான் பெக்கணும்னு ஆசை. நாலரைன்னு நீ சொன்ன அப்புறம் எப்படிப் பெக்கறது? அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

சொன்னாள். அன்றிலிருந்து லிஜேமா அவளோடும் அமலாவோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. விருந்தாளிகளுக்கு வேளாவேளைக்குச் சோறு மட்டும் வந்தது.

கிளம்புகிற நாள் காலையில் கேப்டன் செரு சரக்குப் பட்டியலோடு நின்றார். ஃபிஜிக்காரர், முப்பது வருஷமாகக் கடலில் கிடப்பவர். பாயோடு தோணியில் வந்து ஏறிய எஸ்தெரையும் அவள் வயிற்றையும் பார்த்தார். கரையில் தென்னை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஏழுமலையையும் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார்.

"ஊழியர் மூணு, விஞ்ஞானி ஒண்ணு, மாதிரி உடல் ஒண்ணு" என்று பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டினார். "எண்ணிக்கை சரியா இருக்கு. மாதிரி உடலுக்கு வாந்தி வந்தா காத்தோட்டமா பின்பக்கம் உட்காரச் சொல்லுங்க."

ஒப்படைப்புப் படிவத்தை அமலாதான் நிரப்ப வேண்டும். நிலை: நன்று. எடை: எழுபத்தொன்று. குறிப்புகள் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'வயிற்றுப் பகுதியில் அசைவு உண்டு' என்று எழுதினாள். பொய் எழுதிப் பழக்கமில்லாதவள். ஆண், பெண் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். வேலை போய்விடும் என்று நன்றாகத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. கையெழுத்தும் போட்டாள்.

போன் அடித்தது.

"அமலா, ஏழாம் நம்பர் ஏறியாச்சா? எடை கிடை எல்லாம் சரியா இருக்கா?"

"ஒரு கிலோ கூடியிருக்கு சார்."

"அது எப்படிக் கூடும்? பழுதா?"

"வீட்டுச் சாப்பாடு சார்."

"பழுதில்லன்னா சரி" என்றார் சாமி. நிம்மதியாகப் போனை வைத்தார்.

ஹென்சன் கடைசித் தோணியில் தனியாக வந்தார். லிஜேமா கரைக்கே வரவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு பேசினார்.

"ஏலுமாலேக்கு இன்னைக்கு நண்டு போட்டிருக்கா உங்கம்மா. ஒரு வருஷம் ஆச்சு, கப்பலே வந்தும் போக மாட்டேங்கறான், இனி என்ன விருந்தாளி, வீட்டு ஆளுதான்னு சொல்லிட்டா. அவனும் நல்லாத்தான் சாப்பிடறான்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா மாமா?"

"இதைக் குடுக்கச் சொன்னா" என்று ஓலையால் மூடிக் கட்டிய ஒரு கூடையைத் தூக்கிக் கொடுத்தார். பிறகு நிற்கவில்லை, துடுப்பைப் போட்டுத் திரும்பிவிட்டார்.

படகு நகர்ந்த பிறகுதான் எஸ்தெர் கூடையைப் பிரித்தாள். மேலே அரிசி, துணியில் முடிந்தது. அந்தக் கடைசி மூட்டையிலிருந்து எடுத்தது. அதற்குக் கீழே நாலு டின் மாட்டிறைச்சி. ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட். இரண்டு பாட்டில் தண்ணீர். அவள் அதையெல்லாம் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுக் கூடையின் அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினாள். வேறு எதுவும் இல்லை.

"ஒரு தேங்காய்கூட வைக்கல" என்றாள்.

"உனக்கும் குழந்தைக்கும் நல்லதுன்னுதானே—" என்று ஆரம்பித்த அமலா, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"புரியுது. எனக்குப் புரியாதா? நல்லதுக்குத்தான் குடுத்திருக்கா." எஸ்தெர் அழுதாள். மறைக்காமல், மூக்கைச் சிந்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். "இது வந்தவங்களுக்குக் கட்டற கூடை."

அமலாவுக்கும் அழுகை வந்தது. எடுத்து வைத்த டின்களை ஒவ்வொன்றாகக் கூடைக்குள் திரும்ப அடுக்கினாள். தென்னைகள் குட்டையாகி, பிறகு ஒரு கோடாகி, பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று. வெகுநேரம் கழித்து எஸ்தெர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை அமலாவிடம் நீட்டிவிட்டு, மற்றதைத் தின்ன ஆரம்பித்தாள்.